ஊர் முக்கில் ஒரு சிலை, பள்ளியறையில் ஒரு கண்ணாடி

ஊருக்கு ஊர் இப்போது சிலை எழும்புகிறது. பஸ் நிற்கிற முக்கில் ஒரு தலைவர், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தலைவர். சிலருக்குச் சுற்றிலும் கம்பிக் கூண்டு. பிறந்த நாள் வந்தால் ஏணி வைத்து ஏறி மாலை போடுகிறார்கள். அந்த மாலை காய்ந்து, நாரோடு தொங்கி, மழையில் நனைந்து விழும்வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அடுத்த பிறந்த நாளுக்கு மறுபடியும் ஏணி வருகிறது.

அய்யாவின் மக்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்? நம் பதியிலும் தாங்கலிலும் சிலை கிடையாது. பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. விளக்கு எரிகிறது. கும்பிட நிற்கிறவர் தன்னையே பார்க்கிறார். அப்படியானால் ஊர் முக்கில் சிலை வைப்பது அய்யாவுக்கு ஆகாத காரியமா? சிலை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா? இல்லை, எல்லாரும் வைக்கிறார்கள், நாமும் ஒன்று வைத்துவிட்டுப் போவோம் என்று இருக்கலாமா?

இதற்கு விடை தேட ஓர் ஊரின் கதை உதவும். ஊர்ப் பேர் வேண்டாம். பனையும் தென்னையும் நிற்கிற தென்கடலோரத்தில் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

அய்யாவுக்கு எந்த முகம்?

அந்த ஊரில் மூன்று பாதை சேருகிற முக்கில் ஊர்வகைக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம். அதன் நடுவில் ஒரு பழைய கிணறு. ஊர்வகைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அந்தக் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கடைக் குப்பை அதற்குள் விழுந்தது. கப்பி துருப்பிடித்தது. சானல் கரையில் இருக்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் வாளி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. அவர்கள் ஊர்வகையில் சேர்ந்தவர்களும் அல்ல, வேறு சாதி. தலைக்கட்டு வரி அவர்களிடம் கேட்பதில்லை, கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை.

அந்த நிலத்தில் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு ஆசை. பொது ரோட்டில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் ஊர்வகை நிலந்தான் சரி என்று கண்டுவைத்தார்கள். பிறகு தாங்கலுக்கு வந்தார்கள். உச்சிப்படிப்பு முடிந்து, பணிவிடை செய்கிற பெரியவர் திண்ணையில் இருந்தார்.

"பாட்டா, முக்குல அய்யாவுக்கு ஒரு சிலை வைக்கலாம்னு இருக்கோம். எட்டடி உயரம். தூரத்துல வாற பஸ்ல இருந்து பாத்தாலே தெரியும்."

பெரியவர் சிரித்தார். "அய்யாவுக்கு எந்த முகத்த வைப்பிய மக்களே?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்யலாம் என்றான் ஒருவன்.

"படம் வரைஞ்சவன் அய்யாவப் பாத்தானா? அய்யா நமக்குத் தன் முகத்தத் தந்துட்டுப் போகல்ல. கண்ணாடியத் தந்துட்டுப் போனாரு. அதுக்கு முன்னால போய் நிக்கிற எல்லாவன் முகத்துலயும் அவர் இருக்காரு. நாம ஒரு முகத்த மட்டும் கல்லுல வச்சிட்டா மத்த முகமெல்லாம் என்ன ஆகும்?"

பையன்களுக்குப் பதில் வரவில்லை. "அப்போ சிலையே வேண்டாம்கியளா பாட்டா?" என்று கேட்டார்கள்.

"அப்படிச் சொல்லல்ல. கும்பிடுகதுக்கு வைக்காதிய. நினைக்கதுக்கு வையுங்க. நம்ம ஆளுவ என்ன பாடுபட்டு நிமிர்ந்தாவன்னு பின்னால வாற பிள்ளைகளுக்குத் தெரியணும். அதுக்கு ஒரு கல்லு நிக்கட்டும். ஆனா கற்பூரம் காட்டப்பிடாது. காணிக்கைப் பெட்டி வைக்கப்பிடாது."

அன்பு மக்களே, இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். வணங்குவது வேறு, நினைவுகொள்வது வேறு. பட்ட பாட்டை மறந்துவிடுங்கள் என்று அய்யா சொல்லவில்லை. 1841-ல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதிய அகிலத்திரட்டைத் திறந்து பாருங்கள். நம் முன்னோர் சுமந்த வரிகளும் செய்த ஊழியமும் வாங்கிய அடியும் அதில் இருக்கின்றன. ஆண்டுதோறும் திருஏடு வாசிப்பில் அதைக் கேட்கிறோம். நினைவு நம் வழிபாட்டோடு சேர்ந்தே நடக்கிறது.

இடுப்பில் குடம்

இளைஞர்கள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைவர் சிலை வேண்டாம். பேர் தெரியாத ஒரு பெண். தோளில் சீலை போட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வருகிற ஒரு பெண்.

நல்ல முடிவு. ஏன் என்று சொல்ல வேண்டும்.

திருவிதாங்கூர் அரசில் நம் பெண்கள் தோளை மூடக் கூடாது என்று இருந்தது. மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்காமல் நிற்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள். மறைத்தால் பொதுச் சந்தையில் வைத்தே துணியைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி 3-ம் தேதி வந்த அரச விளம்பரமும் அந்த உரிமையை மறுத்தது. கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் போன பெண்களும் போகாத பெண்களும் சேர்ந்துதான் இந்த அவமானத்தை எதிர்த்தார்கள். 1858-லும் 1859-லும் கலவரம் பெருத்து வீடுகள் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலை 26-ம் தேதி மேலாடை போடலாம் என்று விளம்பரம் வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டு இருந்தது.

அய்யா 1851-ல் வைகுண்டம் சென்றுவிட்டார். அந்த விளம்பரம் வந்தது எட்டு வருடம் கழித்து. ஆனால் அரசன் கட்டளை வரட்டும் என்று அய்யா காத்திருக்கவில்லை. தலையில் துண்டு கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட மனுசனை, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்று கும்பிடச் சொன்னார். குனிந்து பழகியவனைத் தன் சன்னிதியில் நிமிர வைத்தார். அரசன் பிடித்துக்கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தான். 1839-ல் அய்யா வெளியே வந்தார். வந்த பிறகும் சொன்னதை மாற்றவில்லை.

இதெல்லாம் அந்தப் பையன்களுக்குத் தெரியும். மயிலாடிக்குப் போய்க் கல் பார்த்தார்கள். சிற்பி ஒரு படம் வரைந்து கொடுத்தார். அழகான படம். பெண்ணின் தலையில் குடம், ஒரு கை மேலே தூக்கிக் குடத்தைப் பிடித்திருக்கிறது.

படத்தை வீடு வீடாகக் காட்டினார்கள். ஒரு வீட்டில் கண் மங்கிய பாட்டி ஒருத்தி. பேத்தி படத்தை விவரித்துச் சொன்னாள். பாட்டி கேட்டாள்: "குடம் எங்க இருக்கு?"

"தலையில பாட்டி."

"மாத்தச் சொல்லு. இடுப்புல வைக்கச் சொல்லு. தலையிலதான் சுமக்கணும், இடுப்புல வைக்கப்பிடாதுன்னு சட்டம் வச்சிருந்தானுவ. எங்க பாட்டிக்கு அவ பாட்டி சொன்னது. இடுப்புல குடத்த வச்சி நடந்த அன்னைக்குத்தான் அவ ராணி மாதிரி நடந்தாளாம்."

பாட்டி சொன்னது வெறும் கதை அல்ல. நம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது என்ற விலக்கு அந்த நாளில் இருந்தது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது, மாடி வீடு கூடாது என்று இருந்த பட்டியலில் இதுவும் ஒன்று. ஒரு குடத்தை உடம்பில் எங்கே வைப்பது என்பதைக்கூட வேறொருவன் தீர்மானித்தான். கலி மாயை எவ்வளவு சின்ன இடத்திலும் புகுந்து உட்காரும் என்பதை இதில் பாருங்கள்.

சிற்பி குடத்தை இடுப்புக்கு இறக்கினார். பெண்ணின் இன்னொரு கை வீசி நடக்கிற கையானது. படம் முன்னைவிட நன்றாகவே இருந்தது.

பீடம் எங்கே?

கல்லில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஊர்வகைக் கூட்டம் கூடியது. பீடம் எங்கே கட்டுவது என்று பேச்சு வந்தது. நிலத்தின் நடுவில் கட்டினால்தான் மூன்று பாதைக்கும் தெரியும் என்றார் தலைவர். நடுவில் கிணறு இருக்கிறதே என்றார் ஒருவர்.

"அது பாழுங் கிணறு. மண்ணடிச்சி மூடிட்டு, மேல கான்கிரீட் போட்டா அஸ்திவாரம் கெட்டியா நிக்கும்."

யாரும் மறுக்கவில்லை. நான்கு லோடு மண் போதும் என்று கணக்கும் போட்டாகிவிட்டது. கல்வெட்டில் யார் பேர் முதலில், யார் பேர் அடுத்து என்று பேச்சு அங்கே நகர்ந்தது. அதற்குத்தான் நேரம் பிடித்தது. குரல் உயர்ந்தது. அதிகம் தந்தவர் பேர் மேலே வர வேண்டும் என்றார் ஒருவர். வயசுக்கு மரியாதை வேண்டாமா என்றார் இன்னொருவர்.

சானல் கரையிலிருந்து ஒரு பெண் கூட்டத்துக்கு வெளியே, கடைச் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். கையில் வாளியும் கயிறும். தண்ணீர் கோர வந்தவள், கூட்டம் நடப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். மண் லோடு பற்றிப் பேசியது அவள் காதில் விழுந்தது. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் பேச அவளுக்கு இடமும் இல்லை.

தாங்கல் பெரியவர் அவளைப் பார்த்தார். அதுவரை அவரும் பேசவில்லை. கிணற்றை மூடலாம் என்று சொன்னபோது அவரும்தான் சும்மா இருந்தார். அவர் வீட்டிலும் குழாய் இருக்கிறது. பின்னால் பலமுறை இதை அவரே சொல்லி வருத்தப்பட்டார்: "அந்தப் பிள்ளைய அங்க பாக்காட்டா, நானும் தலையாட்டிட்டுத்தான் வந்திருப்பேன்."

அவர் எழுந்தார். இளைஞர்களிடம் சிற்பியின் படத்தை வாங்கினார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளை இடுப்புல குடம் வச்சி வாறாளே, எந்தக் கிணத்துல தண்ணி கோரிட்டு வாறா?"

கூட்டம் அமைதியானது.

"கிணத்த மூடிட்டு அதுக்கு மேல இவள நிக்க வச்சா, குடத்துல தண்ணி இருக்குமா? அன்னைக்கு நம்மள கிணத்துப் பக்கம் வராதன்னு சொன்னவன் கம்பு வச்சி விரட்டுனான். இன்னைக்கு நாம சிலை வச்சி விரட்டப் போறோமா? அந்தா நிக்கிற பிள்ளைகிட்ட யாராவது கேட்டியளா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் வாளியை முந்தானைக்குப் பின்னால் மறைத்தாள்.

அன்பு மக்களே, வாளியை மறைத்த அந்தக் கையை மறக்காதீர்கள். நூற்றைம்பது, இருநூறு வருடத்துக்கு முன்னால் நம் பாட்டிமார் அப்படித்தான் நின்றார்கள். கிணற்றுக்குப் போனால் யார் பார்ப்பார்களோ, யார் ஏசுவார்களோ என்று நின்றார்கள். அதே நிலையை நம் ஊரில், நம் நிலத்தில், நம் பாட்டிக்கு வைக்கிற சிலையின் பேரால் இன்னொருத்திக்கு நாமே கொடுத்துவிட்டோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யோசிக்காமல் செய்தார்கள். கலி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. கொம்பும் பல்லும் வைத்துக்கொண்டு வருவதில்லை. நல்ல காரியத்தின் கூட்டத்தில், நம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறது.

அய்யா தோண்டச் சொன்னது

அய்யா என்ன செய்தார் என்று பாருங்கள். சாமித்தோப்பில் ஒரு கிணறு. முத்திரிக்கிணறு. ஒரு சாதி தொட்ட தண்ணீரை இன்னொரு சாதி தொடாத காலம். கிணறு தனி, குளம் தனி, பாதை தனி. அந்தக் காலத்தில், பதினெட்டு சாதியும் ஒரே கிணற்றில் ஒன்றாகத் தண்ணீர் கோர வேண்டும், ஒன்றாகக் குளிக்க வேண்டும் என்று அய்யா வைத்தார். ஒரே பந்தியில் இருந்து உண்ணவும் வைத்தார். இன்றும் பதிக்குப் போகிறவர்கள் முதலில் அந்தக் கிணற்றில் பதம் வாங்கிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பதற்கு முன்பு கிணற்றடிக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த வரிசையை அய்யா சும்மா வைக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் மேல் விழுந்த அதே தண்ணீர் உன் மேலும் விழட்டும். அதற்குப் பிறகு வந்து உன் முகத்தைப் பார். அப்போது உன் முகத்தில் அவனும் தெரிவான்.

தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதுதான் தர்மம் என்று அய்யா சொன்னதை நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். சொல்லும்போது தாழ்ந்து கிடந்தது நாம் என்று நினைத்துச் சொல்கிறோம். சரிதான், நாம்தான் கிடந்தோம். இன்று வீடு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பிள்ளைகள் வெளிநாட்டில் வேலைக்குப் போகிறார்கள். அய்யா தந்த நிமிர்வு இது. ஆனால் நிமிர்ந்தவன் கண்ணுக்குத் தரை தெரியாமல் போய்விடக் கூடாது. அந்தச் சொல் இப்போது நம்மைப் பார்த்துக் கேட்கிறது: இன்று உன் ஊரில் தாழ்ந்து கிடப்பது யார்? அவர் பேர் உனக்குத் தெரியுமா? அவர் வாசலுக்கு நீ போயிருக்கிறாயா?

சிலை திறந்த நாள்

அந்தக் கூட்டம் அன்றைக்கு முடியவில்லை. மூன்று முறை கூடியது. கிணற்றைச் சுத்தம் செய்தால் செலவு கூடும் என்றார்கள். பீடம் ஓரத்துக்குப் போனால் பாதைக்குத் தெரியாது என்றார்கள். இரண்டு பேர் தருவதாகச் சொன்ன பணத்தைத் தரமாட்டோம் என்றார்கள். சானல்கரைக்காரர்களுக்காக நாம் ஏன் கிணறு வெட்ட வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். அவர் அப்படிக் கேட்டதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மனதுக்குள் இருந்தது வெளியே வந்தது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மற்றவர்களுக்கு வந்தது.

பதில் சொன்னது இளைஞர்கள். பேசவில்லை, இறங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏணியும் கயிறும் கொண்டுவந்து கிணற்றில் தூர் வார ஆரம்பித்தார்கள். சானல் கரையிலிருந்து நான்கு பேர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பிளாஸ்டிக்கும் பாட்டிலும் உடைந்த பானையும் மேலே வந்தன. மதியம் எல்லாருக்கும் தாங்கலில் கஞ்சி. அடியில் ஊற்றுக்கண் திறந்து தெளிந்த தண்ணீர் கசிந்தபோது மேலே நின்றவர்கள் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது.

பீடம் கிணற்றிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி எழும்பியது. உயரமாக வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு படி உயரம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பெண்ணின் கையைத் தொடலாம். அவள் முகம் கிணற்றைப் பார்த்து இல்லை. கிணற்றிலிருந்து கிளம்பி ஊருக்குள் நடந்து வருகிறாள். தோளில் சீலை, இடுப்பில் குடம். கூண்டு கிடையாது. கல்வெட்டில் தந்தவர் பேர் ஒன்றும் இல்லை. அவள் யார், எதற்காக இங்கே நிற்கிறாள் என்பது மட்டும் நான்கு வரியில் இருக்கிறது. பேர் பற்றிய சண்டை அப்படித் தீர்ந்தது.

திறப்பு நாளில் நாடா வெட்ட யாரையும் அழைக்கவில்லை. கண் மங்கிய பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். இடுப்பில் குடம் இருக்கிற இடத்தில் கை நின்றது. "இப்பம் சரி" என்றாள்.

பிறகு சானல் கரைப் பெண் கிணற்றில் முதல் வாளி போட்டாள். கோரிய தண்ணீரைப் பெரியவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். தலைவர் குடித்தார். பிள்ளைகள் குடித்தார்கள். வரிசை நீண்டது. குடிக்காமல் ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. நான்கைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை மறைக்க வேண்டாம். நடந்தது நடந்ததுதான். அவர்களும் மாலையில் தாங்கலுக்கு வந்தார்கள். வழக்கம்போல் நாமம் பெற்று, வழக்கம்போல் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேக்க வேண்டியத கண்ணாடி கேக்கும்" என்று மட்டும் பிறகு சொன்னார்.

கல்லும் கண்ணாடியும்

கேரள நாட்டில் ஸ்ரீ நாராயண குரு வாழ்ந்தபோதே அவருக்குத் தலச்சேரி ஜகந்நாதர் கோவிலில் சிலை வைத்தார்கள். அது 1927. அதே 1927-ல் சேர்த்தலைக்குப் பக்கம் களவங்கோட்டில் கோவில் பிரதிட்டைக்குக் குருவை அழைத்தபோது, அவர் அங்கே கண்ணாடியை வைத்தார். தனக்கு மற்றவர்கள் சிலை வைத்த அதே ஆண்டில் அவர் மற்றவர்களுக்குக் கண்ணாடி வைத்தார். அய்யா நம் மண்ணில் கண்ணாடியை வைத்து எத்தனையோ காலத்துக்குப் பின்னால் நடந்தது இது. இரண்டு மகான்களும் ஒன்றையே காட்டினார்கள்: பெரியவர்களை அண்ணாந்து பார்ப்பது எளிது, தன்னை நேருக்கு நேர் பார்ப்பதுதான் கடினம்.

சிலைக்கு முன்னால் நின்றால், அவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்லிவிட்டு நாம் நடந்துவிடலாம். சிலை நம்மை ஒன்றும் கேட்காது. கண்ணாடி அப்படி விடாது. நெற்றியில் நாமம் இட்டிருக்கிறாய், தலைப்பாகை கட்டியிருக்கிறாய், சரி. இன்று காலையில் யாரை நீ விலக்கி நிறுத்தினாய் என்று அது கேட்கும். அது சொல்வதைக் கேட்ட பிறகு ஊர் முக்குக்கு வந்து சிலையைப் பார்த்தால், அந்தக் கல்லும் பேச ஆரம்பிக்கும்.

ஆகவே, சிலை வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு விடை இதுதான். வைக்கலாம். ஆனால் வைப்பதற்கு முன்னால் மூன்று காரியம் பாருங்கள். அதைக் கும்பிடு பொருளாக ஆக்காதீர்கள். அதன் அடியில் யாருடைய கிணறு, யாருடைய பாதை, யாருடைய நிழல் மூடப்படுகிறது என்று பாருங்கள். அந்தச் சிலைக்குரியவர் பட்ட பாடு இன்று உங்கள் ஊரில் யார் வீட்டில் நடக்கிறது என்று தேடிப் போய்ப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் வைத்தால் அது வெறும் கல். பார்த்து வைத்தால் அது தர்மத்துக்கு ஒரு சாட்சி.

சிலை வைக்க வசதி இல்லாத ஊர் கவலைப்பட வேண்டாம். ஒரு பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். தாங்கலில் அன்னம் விளம்பும்போது பந்தியில் யார் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். இல்லாதவர் வீட்டுக்கு ஒரு ஆள் நடந்து போய்க் கூப்பிடட்டும். வாளியை மறைக்கிற கை ஒன்று இருந்தால், அந்த வாளியை வாங்கி நீங்கள் ஒரு முறை தண்ணீர் கோரிக் கொடுங்கள். அய்யா அங்கே வந்து நிற்பார். அவருக்கு வேறு பீடம் வேண்டாம்.

அந்த ஊரில் இப்போது சாயங்காலம் பிள்ளைகள் சிலையடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். தண்ணீர் கோர வருகிறவர்கள் குடத்தைச் சற்று நேரம் அந்தப் பீடத்தின் மேல் வைத்து இளைப்பாறிவிட்டு, பிறகு இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு போகிறார்கள்.

எல்லா ஊரிலும் தண்ணீர் சுரக்கட்டும். எல்லாத் தலையும் நிமிரட்டும். எல்லா முகமும் அந்தக் கண்ணாடியில் ஒன்றாகத் தெரியட்டும். அய்யா துணை.

அய்யா உண்டு!